கீழ் வரிசை ஆணி

காலை ஆறே முக்காலுக்குப் பாக்கியரத்தினம் முன்னறைக் கதவைத் திறந்தபோது சுவர்ப் பலகையில் நீல டோக்கன் மறுபடியும் கீழ் வரிசை ஆணிக்கு இறங்கியிருந்தது.

முந்தின நாள் அதைத் தன் கையாலேயே மேல் வரிசையில் மாட்டியிருந்தார். யன்னல் இரண்டையும் கொழுவி, கதவைப் பூட்டி, திறப்பைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் படுத்தார். வீட்டில் அவரைத் தவிர வேறு ஆளில்லை. மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று மனைவி மட்டக்களப்புக்குப் போய் ஒரு மாதமாகிறது. ஒரு பூனைகூடக் கிடையாது. அப்படியிருந்தும் டோக்கன் இறங்கியிருந்தது. அதன் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. அது உப்புத் தண்ணீர்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமும் இல்லை.

இது எட்டாவது நாள். விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்த அன்றைக்குத் தொடங்கியது.

டோக்கனை எடுத்து மேலே மாட்டினார். விரல்களைச் சாரத்தில் துடைத்தார். துடைத்த பிறகும் விரல் நுனிகள் குளிர்ந்தபடியே இருந்தன.

பாக்கியரத்தினம் தொழில் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்க ஏலாமல், ஓர்ஸ் ஹில் மேட்டில் தன் வீட்டு முன்னறையில் ஒரு மேசையும் மூன்று கதிரையும் ஒரு பிரிண்டரும் போட்டு, சின்னச் சின்னத் தொழில் செய்கிறவர்களுக்கு ஆலோசனை சொல்லத் தொடங்கினார். பேக்கரிக்காரர் வருவார், தையல்கடைக்காரி வருவாள், ஐஸ் போடுகிறவர் வருவார். நியமனக் கடிதம் எப்படி எழுதுவது, ஆளை நிற்பாட்டுவதென்றால் என்ன முறை, லீவை எப்படிப் பதிவது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார். திங்கட்கிழமைகளில் பேஸ்புக்கில் ஒரு பதிவும் போடுவார். 'வாய்ப்பேச்சில் ஆளை வேலைக்கு எடுக்காதேயுங்கள், முதலாளிமாரே' என்று ஒருமுறை எழுதியதை இருநூறு பேருக்கு மேல் பகிர்ந்திருந்தார்கள். அரைகுறை வேலை அவருக்குப் பிடிக்காது. ஒன்றைத் தொட்டால் அடிமுடி பார்த்துத்தான் விடுவார். அந்தக் குணம்தான் ஒரு மனிதனின் உயிருக்கு உலை வைத்தது.

கலீலுர் றஹ்மானுக்கு உள்துறைமுகக் கரையில் படகு திருத்துகிற பட்டறை இருந்தது. ஐந்து பேர் வேலை செய்தார்கள். அதில் ஒருவன் றம்ஸான், கிண்ணியாவைச் சேர்ந்த சுழியோடி. படகின் அடியில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டுவது, இயந்திர விசிறியில் சுற்றிக்கொண்ட வலையையும் கயிற்றையும் அறுத்தெடுப்பது அவனுடைய வேலை. சிலிண்டரைக் கட்டிக்கொண்டு காலை ஆறே முக்காலுக்கு இறங்குவான்.

பட்டறைச் சுவரில் அந்தப் பலகை தொங்கியது. வேப்பம் பலகை. இரண்டு வரிசை ஆணி. மேல் வரிசை கரை, கீழ் வரிசை கடல். தண்ணீருக்குள் இறங்குகிறவர்கள் மூன்று பேருக்கும் ஒவ்வொரு டோக்கன். பழைய படகின் பைபர் துண்டை அறுத்துத் துளை போட்டுச் செய்தவை. றம்ஸானுடையது நீலம். இறங்கும்போது டோக்கனைக் கீழே மாட்டிவிட்டு இறங்க வேண்டும், ஏறி வந்து மேலே மாட்ட வேண்டும். கீழ் வரிசையில் ஒரு டோக்கன் இருக்கிற மட்டும் கரையில் நிற்கிறவன் அசையக்கூடாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சுத்தியலால் இறங்குதுறை இரும்புத் தூணில் மூன்று தட்டுத் தட்டுவான். அந்தத் தூண் தண்ணீருக்குள் இறங்கி நின்றது. அடியில் இருக்கிறவனுக்குச் சத்தம் கேட்கும். அவன் படகின் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டுவான். கேட்டது, வாறேன் என்று அர்த்தம்.

போன வருடம் ஆவணியில் கலீலுர் றஹ்மான் இந்த முன்னறையில் வந்து உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.

"ஐயா, இது கடல் வேலை. ஏதும் ஒண்டு நடந்தா என்ட தலையில வந்து விழப்படாது. அந்தச் சுழியோடி தனி ஆள், என்ட ஆளில்லை எண்டு ஒரு தாள் எழுதித் தாங்க."

"தாள் எழுதலாம், கலீல் நானா. ஆனா தலைப்பில ஒப்பந்தகாரர் எண்டு போட்டா மட்டும் அவர் ஒப்பந்தகாரர் ஆகமாட்டார். நாளைக்கு விசாரணை எண்டு வந்தா வேலை எப்பிடி நடந்தது எண்டுதான் பார்ப்பினம். ஆர் நேரம் சொன்னது, ஆர் கூப்பிட்டது, ஆர் லீவு குடுத்தது. நீங்கள் கூப்பிட்டு அவர் வந்தா அவர் உங்கட ஆள்."

"அப்ப கூப்பிடாம விட்டாச் சரியா?"

"கூப்பிடப்படாது. தாளில ஒண்டு, நடப்பில ஒண்டு எண்டு இருந்தா என்ட பேரும் கெட்டுப்போகும். இரண்டும் ஒண்டா இருக்கவேணும்."

அப்படித்தான் ஒன்பதாம் பிரிவு எழுதப்பட்டது. 'இரண்டாம் தரப்பினர் நீரில் இறங்கும் நேரமும் ஏறும் நேரமும் அவரது சொந்தத் தீர்மானமாகும். முதலாம் தரப்பினரோ அவரது ஆட்களோ அவரை அழைக்கவோ அவரது நேரத்தைக் குறிக்கவோ கூடாது.' எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோது வசனம் நன்றாக வந்திருக்கிறதென்று அவருக்கே ஒரு திருப்தி.

கையொப்பம் வைக்க வந்த அன்று றம்ஸான் பேனாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அப்ப நானும் முதலாளியா, சேர்?"

"ஒரு விதத்தில ஓம்."

"அப்ப எனக்கு நானே லீவு தரலாம். நல்லம். கலீல் நானாட்ட லீவு எடுக்கிறதெண்டா ஆஸ்பத்திரியில படுத்துக் காட்டவேணும்."

"ஓவ், நீ படுத்தது ஆஸ்பத்திரியிலயா, மச்சான்ட கலியாண வீட்டிலயா?" என்றார் கலீலுர் றஹ்மான். மூன்று பேரும் சிரித்தார்கள். பாக்கியரத்தினம் சாட்சியாக ஒப்பம் வைத்தார்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த கிழமை ஒரு நாள் காலையில், தாளும் நடப்பும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க நேரே பட்டறைக்குப் போனார். பலகை சுவரில் தொங்கியது. "இது வரவுப் பதிவு மாதிரி, நானா. ஒரு அதிகாரி வந்து இதைப் பார்த்தா கதை முடிஞ்சுது" என்றார். சுத்தியலையும் உள்ளே வைக்கச் சொன்னார். பலகையைத் தானே கழற்றினார். டோக்கன்கள் வழியில் விழுந்துவிடாமல் மூன்றையும் மேல் வரிசையில் இறுக்கி மாட்டி, ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நல்ல வேம்பு. எறிய மனம் வராமல் முன்னறைச் சுவரில் அடித்துத் திறப்புகளைக் கொழுவப் பாவித்தார்.

அதற்குப் பிறகு றம்ஸான் தன்பாட்டுக்கு இறங்கினான், தன்பாட்டுக்கு ஏறினான். சில நாட்களில் படகின் மற்றப் பக்கத்தால் ஏறி, ஒருவருக்கும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விடுவான். கரையில் நின்ற சசிகரனுக்கும் அது பழகிப்போனது. சித்திரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை றம்ஸான் இறங்கினான். எட்டு மணிக்கு ஆளைக் காணவில்லை. போயிருப்பான் என்று நினைத்துச் சசிகரன் தேத்தண்ணி குடிக்கப் போனான். பின்னேரம் மூன்று மணிக்கு அவன் மனைவி நப்லா போன் எடுத்து, அவர் சாப்பிட வரவில்லையே என்று கேட்ட பிறகுதான் எல்லாரும் தண்ணீரைத் திரும்பிப் பார்த்தார்கள். விசிறிக்குப் பக்கத்தில் பழைய வலை ஒன்று அவன் காலைப் பிடித்திருந்தது. கத்தி எட்டாத தூரத்தில் கிடந்தது. படகின் வயிற்றில், பாசி படிந்த இடத்தில், ஒரு உள்ளங்கை அளவுக்கு மட்டும் பாசி இல்லாமல் தேய்ந்திருந்தது. அவன் தட்டியிருக்கிறான். இரண்டு தட்டல்ல, எவ்வளவோ தட்டு. இந்த விபரத்தைச் சசிகரன் உடல் கிடந்த ஜனாஸா வீட்டில் வைத்துப் பாக்கியரத்தினத்துக்குச் சொன்னபோது அழுதான்.

எட்டாம் நாள் பத்து மணிக்குக் கலீலுர் றஹ்மான் வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றி உள்ளே கால் வைத்தவர், சுவரைப் பார்த்து நின்றுவிட்டார்.

பாக்கியரத்தினமும் திரும்பிப் பார்த்தார். காலையில் மேலே மாட்டிய டோக்கன் கீழே தொங்கியது. பகலில் இறங்கியது அதுதான் முதல் தடவை.

"அத ஆரு கீழ போட்ட?"

"காத்துக்கு விழுந்திருக்கும்."

"ஆணியில இருந்து ஆணிக்கு விழுற காத்தா, ஐயா?"

கலீலுர் றஹ்மான் உள்ளே வராமல் வாசல் கட்டிலேயே குந்தினார்.

"உங்களுக்குச் சொல்லாம ஆருக்குச் சொல்ல? அவன் மௌத்தான பிறகு நான் திரும்பத் தூணில தட்டத் தொடங்கினன். தண்ணிக்குள்ள ஆளில்லாட்டியும் தட்டுறன். மூணு தட்டு. மனசு கேக்குதில்ல, அதுக்காக." குரலைத் தாழ்த்தினார். "அடியில இருந்து ரெண்டு தட்டு வருது, ஐயா."

"படகு தூணில இடிக்கிற சத்தமா இருக்கும்."

"நானும் அப்பிடித்தான் நினைச்ச. நேத்து ஒரு படகும் கட்டியில்ல."

வெளியே ஒரு பஸ் மேட்டில் முக்கி முக்கி ஏறிப் போனது. கலீலுர் றஹ்மான் தொப்பியைப் பிசைந்தார்.

"வியாழக்கிழமை விசாரணை. நப்லா, றம்ஸான் என்ட தொழிலாளி எண்டு எழுதிக் குடுத்திருக்கா. அந்தத் தாளக் கொண்டு வாங்க. ஒன்பதாம் பிரிவக் காட்டினாப் போதும். ஆனா இந்தப் பலகை வெளியில வரப்படாது. கீழ சிவப்புப் பெயின்ற்றால எழுதினது என்ட கையெழுத்து. நெருப்பு வச்சிருங்க. நெருப்பு வச்சா அதுவும் நிக்கும்."

"எது?"

"தட்டுறது."

அவர் போன பிறகு பாக்கியரத்தினம் பலகையின் கீழ்ப் பக்கத்தை வாசித்தார். ஒரு வருடமாகக் கண்முன்னே தொங்கியும் வாசிக்காத எழுத்து. 'இறங்கும் நேரம் 6.45. பிந்தி வரப்படாது. 20 நிமிசத்துக்கு ஒருக்கா தட்டு. தட்டினா உடன ஏறணும். லீவு எண்டா முதல் நாள் முதலாளிக்குச் சொல்லணும்.' ஒருவன் இன்னொருவரின் கீழ் வேலை செய்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான எழுத்தை முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் அவர் கண்டதில்லை. அவருடைய ஒன்பதாம் பிரிவு இதற்கு முன்னால் நிற்காது. இது இல்லாவிட்டால் நிற்கும்.

அன்று பின்னேரம் நப்லா வந்தாள். கணவனுக்காக வீட்டோடு இருக்கும் இத்தாவை முடித்து வெளியே வந்து இரண்டு கிழமைதான். கறுப்பு அபாயாவுக்குள் மெலிந்திருந்தாள். கையில் ஒப்பந்தத்தின் பிரதி, நாலாக மடித்தது. அவள் கேற்றைத் திறக்கிற சத்தம் கேட்டதும் பாக்கியரத்தினம் ஒரு துவாயை எடுத்துப் பலகைக்கு மேல் போட்டார். ஏன் போட்டாரென்று அந்த நேரம் அவருக்கே தெரியாது. கை தானாகப் போட்டது.

"இருங்கோ, தங்கச்சி."

அவள் கதிரை நுனியில் இருந்தாள். தாளை விரித்தாள்.

"இதுல நான் எல்லாம் வாசிச்ச, சேர். ஒரு இடம் மட்டும் விளங்கல்ல. அவரக் கூப்பிடப்படாதெண்டு இரிக்கி. மனுசன் ஒருத்தனக் கூப்பிடப்படாதெண்டு ஏன் எழுதின?"

சட்டத்தை விளக்கலாம் என்று வாயைத் திறந்தார். நேரம் சொல்கிறவர் யார், கூப்பிடுகிறவர் யார் என்று தொடங்கினார்.

"அவர் சொன்னவர்," என்றாள் நப்லா. "பலகையக் கழட்டின அண்டைக்கு அவர் தண்ணிக்குள்ளயாம். ஏறி வந்து பாத்தா சுவர் வெறுஞ் சுவராம். டோக்கன மேல மாட்டக் கையத் தூக்கிட்டு நிண்டாராம். சசிகரன் சிரிச்சிக்கார். இவரும் சிரிச்சிக்கார். வீட்ட வந்து எனக்கிட்டயும் சிரிச்சிச் சிரிச்சித்தான் செல்றார், 'நப்லா, கணக்குக்கு நான் இன்னம் கீழதான் இரிக்கன்' எண்டு. ஆனா அண்டைக்கு அவர் சோறு தின்னல்ல."

பாக்கியரத்தினத்துக்கு அந்தக் காலை முழுதாக ஞாபகத்துக்கு வந்தது. கழற்றும்போது நீலம் கீழ் வரிசையில்தான் இருந்தது. அவர்தான் அதை மேலே எடுத்து இறுக்கினார். அடியில் ஒரு ஆள் இருக்கிறான் என்று அது அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் அதைத் திறப்புக் கொழுவுகிற பலகையாக மட்டும்தான் பார்த்தார்.

"டோக்கனை வேற ஆள் எடுத்து மேல மாட்டினா என்ன?" என்று கேட்டார்.

"மாட்டமாட்டாங்க, சேர். ஒருத்தர்ர டோக்கன இன்னொருத்தர் தொடமாட்டாங்க. ஏறினவர் தன்ட கையாலதான் மாட்டணும். இல்லாட்டி ஆள் ஏறிட்டாரெண்டு பொய்யா எழுதின மாதிரி." அவள் தாளை மறுபடி மடித்தாள். "விசாரிக்கிற லக்சனா மிஸ் செல்றாங்க, அவர் பட்டறை ஆளா வேலை செஞ்சதுக்கு ஒரு அடையாளம் வேணுமாம். புத்தகம் இல்ல, கடிதம் இல்ல. இந்தத் தாள் மட்டும்தான் இரிக்கி. இத வச்சா அவர் தன்ட பாட்டுக்கு இறங்கி, தன்ட கவலையீனத்தால மௌத்தானவர் எண்டுதான் எழுதுவாங்களாம். ஊரிலயும் அப்பிடித்தான் கதைக்காங்க. என்ட மூத்தவள் பள்ளிக்கூடத்தில அதக் கேட்டுட்டு வந்து அழுறாள். அந்தப் பலகை எங்க எண்டு உங்களுக்குத் தெரியுமா, சேர்? கலீல் நானா தெரியாதெண்டு செல்றார்."

துவாய்க்குப் பின்னால் ஏதோ சொட்டியது. ஒரு சொட்டு. சீமெந்துத் தரையில் தெளிவாகக் கேட்டது.

"தெரியாது, தங்கச்சி," என்றார் பாக்கியரத்தினம்.

இன்னொரு சொட்டு. நப்லா சுவர்ப் பக்கம் திரும்பினாள். துவாயின் கீழ் ஓரம் நனைந்து கறுத்து வந்தது. அவள் அதையே பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். எழும்பிப் போய்த் துவாயை இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை.

"உங்கட வீட்டுச் சுவர் ஒழுகுது, சேர்," என்றாள். "பாத்துக்கோங்க."

கேற் மூடுகிற சத்தம் கேட்டது. அவர் கதிரையைவிட்டு எழும்பவில்லை.

மறுநாள் புதன்கிழமை. விடிந்ததும் பலகையைக் கழற்றிக்கொண்டு குசினிக்குப் பின்னால் போனார். இந்த முறை டோக்கனைத் தொடவில்லை. கீழ் வரிசையிலேயே இருந்தது. மண்ணெண்ணெய்ப் போத்தலும் நெருப்புப்பெட்டியும் கையில். பலகையை மதிலில் சாய்த்தார். ஊற்றினார். குச்சியைக் கிழித்தார்.

எண்ணெய் பற்றியது. மஞ்சளாக ஒரு தடவை எழும்பியது. பிறகு உள்ளே இருந்து யாரோ வாயால் ஊதியது போலப் படுத்துவிட்டது. மரத்திலிருந்து தண்ணீர் வந்தது. ஆணித் துளைகளால், மர வைரத்தின் கோடுகளால், சிவப்பு எழுத்துக்கு மேலால் வழிந்தது. எழுத்துக் கரையவில்லை. இரண்டாவது குச்சியைக் கிழிக்கக் குனிந்தபோது சத்தம் கேட்டது.

டொக். டொக்.

இரண்டே இரண்டு. பலகைக்குள்ளிருந்து. கேட்டது, வாறேன்.

யாரும் மூன்று தட்டுத் தட்டவில்லை. யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே பதில் வந்தது. கூப்பிடுவார்கள், கூப்பிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்து, கடைசியில் பொறுக்க முடியாமல் தானே பதில் சொன்ன மாதிரி.

பாக்கியரத்தினம் நெருப்புப்பெட்டியை மண்ணில் வைத்தார். மதிலோரம் குந்தினார். எவ்வளவு நேரம் இருந்தாரோ தெரியாது, வெயில் முதுகைச் சுட்டபோதுதான் எழும்பினார். பலகையை இரண்டு கையாலும் தூக்கினார். டோக்கன் ஆடி விழுந்துவிடாமல், ஒரு பிள்ளையைத் தூக்குவது போல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

வியாழக்கிழமை தொழில் அலுவலக விசாரணை அறையில் மின்விசிறி கிறீச்சிட்டது. விசாரணை அதிகாரி லக்சனா மேசைக்குப் பின்னால் இருந்தாள். ஒரு காலத்தில் அதே அலுவலகத்தில் பாக்கியரத்தினத்துக்குப் பக்கத்து மேசை. ஒரு பக்கம் நப்லாவும் அவளுடைய தம்பி இக்ராமும். மறுபக்கம் கலீலுர் றஹ்மான். பாக்கியரத்தினம் சாக்கில் சுற்றிய ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்ததைக் கண்டதும் கலீலுர் றஹ்மானின் முகம் செத்துப்போனது.

"என்ன ஐயா, என்ன இது? நாங்க கதைச்சது..."

"கதைச்சம், நானா. நெருப்பும் வைச்சுப் பார்த்தனான். பத்தேல்ல."

சாக்கைப் பிரித்தார். பலகையை மேசையில் நிமிர்த்தினார். லக்சனா சிவப்பு எழுத்தை முதலில் மனதுக்குள் வாசித்தாள், பிறகு சத்தமாக வாசித்தாள். லீவு எண்டா முதல் நாள் முதலாளிக்குச் சொல்லணும்.

"இது ஆர்ர கையெழுத்து?"

கலீலுர் றஹ்மான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லப் போகிறார் என்று பாக்கியரத்தினம் நினைத்தார். கலீலுர் றஹ்மான் காதைப் பொத்துவது போலக் கையைத் தலைக்குக் கொண்டுபோய், பிறகு கீழே விட்டார்.

"என்ட. என்ட எழுத்துத்தான், மிஸ். எழுதிக்கோங்க. இனி ஏலா எனக்கு."

"அப்ப பலகையைக் கழட்டச் சொன்னது?"

"நான்," என்றார் பாக்கியரத்தினம்.

லக்சனா பேனாவைத் தூக்கிப் பிடித்தாள். "சேர், யோசிச்சுச் சொல்லுங்கோ. நான் எழுதினா அது எழுத்து."

"எழுதுங்கோ, பிள்ளை. கழட்டினதும் நான். சுத்தியலை உள்ளுக்கு வைக்கச் சொன்னதும் நான். ஒன்பதாம் பிரிவும் என்ட வசனம். அது இல்லாட்டி ஆறே முக்காலுக்கு இறங்கின மனுசனை ஏழு அஞ்சுக்குத் தட்டிக் கூப்பிட்டிருப்பினம். பதில் தட்டுக் கேக்கேல்ல எண்டால் ஒருத்தர் இறங்கிப் பார்த்திருப்பார். தாளுக்கும் நடப்புக்கும் வித்தியாசம் இருக்கப்படாதெண்டு நான்தான் போய் நடப்பை மாத்தினனான். நான் கழட்டினபோது அவர் கீழ இருந்தவர். டோக்கன் கீழ் வரிசையில இருந்தது. நான் அதை மேல மாட்டினனான். ஏறாத ஆளை ஏறினதாக் காட்டினனான்."

பேனா நெடுநேரம் ஓடியது. அவர் வாசித்துப் பார்க்காமலே ஒப்பம் வைத்தார். வாழ்க்கையில் வாசிக்காமல் வைத்த ஒரே ஒப்பம்.

"இப்ப ஏன் கீழ இருக்கு?" என்று லக்சனா நீல டோக்கனைக் காட்டிக் கேட்டாள். "நீங்கள் மேல மாட்டினது எண்டுதானே சொன்னியள்?"

பாக்கியரத்தினம் நப்லாவைப் பார்த்தார். கலீலுர் றஹ்மானும் அவளைப் பார்த்தார்.

"அவர் இன்னும் ஏறேல்ல," என்றார்.

லக்சனா அதை எழுதவில்லை. ஆனால் வேறு ஒன்றும் கேட்கவுமில்லை.

நப்லா எழும்பி மேசைக்குக் கிட்ட வந்தாள். டோக்கனுக்கு ஒரு விரல் தூரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "மிஸ், இத நான் கழட்டிக்கொண்டு போகட்டா? சுழியோடி மௌத்தானா, கரையில நிக்கிறவங்க மூணு தட்டுத் தட்டி, பேர் சொல்லிக் கூப்பிட்டு, டோக்கனக் குடும்பத்துக்கிட்டக் குடுப்பாங்க. எங்களுக்கு ஒருத்தரும் தரல்ல."

லக்சனாவுக்குக் கண் கலங்கியது. இருந்தாலும் தலையை அசைத்தாள். "ஏலாது, அக்கா. இப்ப இது சான்று. தீர்ப்பு வரும் மட்டும் எது எந்த ஆணியில இருக்கோ அது அங்கதான் இருக்கவேணும். ஒருத்தரும் தொடப்படாது. தொட்டா வழக்குப் பழுதாப் போகும்."

"தீர்ப்பு எப்ப வரும்?"

"மேல அனுப்பவேணும். மாசக் கணக்கு ஆகலாம். வருசமும் ஆகலாம்."

"அவ்வளவுக்கும் அவர் கீழதான்."

மின்விசிறி கிறீச்சிட்டது. நப்லா கையை மெல்ல எடுத்துக்கொண்டாள்.

"இரிக்கட்டும்," என்றாள். "இவ்வளவு நாளும் அவர் கீழ இரிக்கிறது ஒருத்தருக்கும் தெரியா. வேலைக்கு இறங்கின மனுசன், இன்னம் ஏறல்ல. இப்ப அது எழுத்தில இரிக்கி. புள்ளைகளுக்குச் செல்லலாம்." தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே போனாள். பாக்கியரத்தினத்தைத் தாண்டும்போது ஒரு கணம் நின்றாள். நன்றியும் சொல்லவில்லை, திட்டவுமில்லை.

திங்கட்கிழமை காலை அவர் ஆறே முக்காலுக்கு முன்னறையைத் திறந்தார். சுவரில் பலகை இருந்த இடம் மட்டும் வெளிறியிருந்தது. தரை காய்ந்திருந்தது. வழமைப்படி பதிவு எழுத உட்கார்ந்தார். 'முதலாளிமாரே, ஒரு ஆளை உங்கள் ஆளில்லை என்று காட்டுவதற்காக அவரைக் கவனிக்காமல் விடும்படி யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதேயுங்கள். நான் சொன்னேன். கேட்டார்கள்.' அதற்கு மேல் வரவில்லை. அப்படியே போட்டார். யாரும் பகிரவில்லை. பேக்கரிக்காரர் மட்டும் போன் எடுத்து, என்ன ஐயா சுகமில்லையா என்று கேட்டார்.

பத்து மணிக்கு இன்னொரு போன். தொழில் அலுவலகத்தில் கோப்பறையைப் பார்க்கிற இராகுலன்.

"சேர், நீங்கள் தந்த பலகையை அலுமாரியில வைச்சுப் பூட்டியிருக்கு. காலமை திறந்தா அடித்தட்டெல்லாம் தண்ணி. பைல் இரண்டு நனைஞ்சுபோச்சு. துடைச்சா திரும்ப வருது. கூரையும் ஒழுகேல்ல. அதோட..." அவன் கொஞ்சம் தயங்கினான். "சிரிக்காதேங்கோ, சேர். அலுமாரிக்குள்ள ஏதோ தட்டுது."

"எத்தனை தட்டு?"

"இரண்டு. விட்டு விட்டு இரண்டு."

பாக்கியரத்தினம் யன்னலால் பார்த்தார். மேட்டுக்குக் கீழே உள்துறைமுகம் அசையாமல் கிடந்தது. பட்டறைப் பக்கமிருந்து இரும்பில் சுத்தியல் விழுகிற சத்தம் வந்தது. கலீலுர் றஹ்மான் தட்டுகிறார். ஒன்று. இரண்டு. மூன்று.

"தம்பி, உங்கட அறையில ஏதும் இரும்பு இருக்கோ?"

"யன்னல் கம்பி இருக்கு, சேர்."

"இருபது நிமிசத்துக்கு ஒருக்கா அதில மூண்டு தட்டுத் தட்டுங்கோ."

"என்னத்துக்கு, சேர்?"

"ஆள் இருக்கெண்டு தெரியட்டும். டோக்கனை மட்டும் தொடாதேங்கோ."

மறுமுனையில் பேனாவோ திறப்போ ஒன்று கம்பியில் படுகிற சத்தம், மூன்று தரம், கூச்சத்தோடு. பாக்கியரத்தினம் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.